வேகமும் வைரமும்: பென்ற்லிப் பந்தயக் கார்களின் சமூக வரலாறு (1919 – 1931)

1

அதிவேக ஆடம்பரக் கார்களைப் பற்றி வெளிவந்துள்ள எழுத்துக்களிற் பெரும்பாலானவை இருவகைப்பட்டன. ஒன்று, பொறியின் ஆற்றலையும் ஓட்டுநரின் துணிவையும் வியந்து கூறும் புகழுரை. மற்றையது, செல்வரின் வீண்செலவென அவற்றை ஒதுக்கிவிடும் அறவுரை. முன்னையது காரைப் பார்க்கிறது. அதனைச் சாத்தியமாக்கிய சமூக உறவுகளைப் பார்ப்பதில்லை. பின்னையது தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு காரைப் பார்க்கவே மறுக்கிறது.

முற்போக்காளர் சிலரிடத்தும் இவ்விரண்டாவது மனப்பான்மை காணப்படுகிறது. ஆடம்பரப் பண்டத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என அவர்கள் வினவுவர். ஆனால், கார்ல் மார்க்ஸ் அவ்வாறு கருதவில்லை. 1885ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் அவர் நுகர்பொருள் உற்பத்தியை அவசியப் பண்டங்கள், ஆடம்பரப் பண்டங்கள் என வேறுபடுத்தினார். நெருக்கடிக் காலத்தில் ஆடம்பர நுகர்வு சுருங்குவதையும், அதனால் அத்துறைத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வேலையிழப்பதையும் சுட்டிக்காட்டினார். ஆடம்பரப் பண்டமும் உழைப்பின் விளைவே. அதற்கும் வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயமாக, பிரித்தானியாவின் பென்ற்லி மோட்டார் கம்பனியின் முதற் பன்னிரண்டு ஆண்டுகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அக்காலப் பகுதியில் அக்கார்களைப் பந்தயங்களில் ஓட்டியோர் ‘பென்ற்லிப் பையன்கள்’ என்ற பெயரால் இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். அந்நினைவு எதனைப் பேணியது, எதனை மறைத்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2

கம்பனியின் தோற்றத்தை முதலாவது உலக யுத்தத்திலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. டபிள்யூ. ஓ. பென்ற்லி யுத்தத்துக்கு முன் தன் சகோதரருடன் பிரெஞ்சுக் கார்களை இறக்குமதி செய்து விற்றவர். அக்கார்களில் அலுமினியக் கலப்புலோக முசலங்களைப் பயன்படுத்தி வெற்றி கண்டவர். யுத்தம் மூண்டபோது அவருடைய அறிவு கடற்படையின் விமானப் பிரிவுக்குத் தேவைப்பட்டது. அவர் வடிவமைத்த சுழற்பொறி சொப்வித் கமெல் போர் விமானங்களிற் பொருத்தப்பட்டது. யுத்தத்தின் பின், கண்டுபிடிப்பாளருக்குப் பரிசளிப்பதற்கென நிறுவப்பட்ட அரச ஆணைக்குழு அவருக்கு 8,000 பவுண் வழங்கியது.

1919ஆம் ஆண்டில் பென்ற்லி மோட்டார் கம்பனி பதிவு செய்யப்பட்டது. வடமேற்கு இலண்டனிலுள்ள கிறிக்கிள்வூட்டில் அதன் தொழிற்சாலை எழுந்தது. முதல் மொடலான 3 லீற்றர் கார் நான்கு உருளைகளையும், உருளைக்கு நான்கு வால்வுகளையும் கொண்டிருந்தது. அரச செலவில், யுத்தத்தின் நெருக்குதலில், விரைந்து வளர்ந்த விமானப் பொறியியல் அறிவு தனியார் பண்டமாக உருமாறியமைக்கு இது தக்க சான்று. அறிவின் செலவைச் சமூகம் ஏற்றது. பயனைச் சந்தை பெற்றது.

பிரான்சின் லெ மான் நகரில் 24 மணிநேரப் பந்தயம் 1923ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஜோன் டவ் தன் சொந்த பென்ற்லியைக் கொண்டுசென்று, கம்பனியின் ஓட்டுநர் பிராங்க் கிளெமென்ற்றுடன் கலந்துகொண்டார். மறு ஆண்டு அவ்விருவரும் முதலிடம் பெற்றனர். பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பென்ற்லிக் கார்களே வென்றன. ஆயினும், பந்தயத்தில் வென்ற கம்பனி வங்கிக் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது. தொடக்கம் முதலே அதற்கு மூலதனம் போதவில்லை. அம்மூலதனம் 1926இல் வந்து சேர்ந்தது. அது வந்த இடமே நமது ஆய்வின் மையம்.

3

1926இல் கம்பனியின் தலைவரான வூல்வ் பார்னாற்றோ, பார்ணி பார்னாற்றோவின் மகன். தந்தை இலண்டன் கிழக்குப் பகுதியின் வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1873இல் தென்னாபிரிக்கா சென்று, கிம்பர்லி வைர வயல்களிற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவரது கிம்பர்லி மத்திய சுரங்கக் கம்பனிக்கும் சிசில் றோட்சின் டி பியர்ஸ் கம்பனிக்குமிடையே நிகழ்ந்த போட்டி 1888இல் இணைப்பாக முடிந்தது. கிம்பர்லி மத்திய கம்பனியின் சொத்துக்களுக்காக 1889இல் எழுதப்பட்ட காசோலையின் தொகை 53,38,650 பவுண். சுதந்திரப் போட்டி ஏகபோகமாக மாறும் நிகழ்ச்சிப்போக்குக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பதரிது. 1897இல் கப்பற் பயணத்தின்போது பார்ணி கடலில் வீழ்ந்து இறந்தபோது வூல்வுக்கு இரண்டு வயதும் நிரம்பியிருக்கவில்லை.

இச்செல்வத்தின் ஊற்று யாது? அக்காலத்தோர் சிலர் தனி மனிதரின் தந்திரத்திலும், இன்னுஞ் சிலர் வெறுக்கத்தக்க முறையில் அவருடைய இனத்திலும் விடை தேடினர். றோட்ஸ் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகன். பார்னாற்றோ வறிய யூதர். இருவரையும் ஒரே ஆசனத்தில் அமர்த்தியது அவர்தம் பிறப்பன்று. சுரங்கத்தின் உழைப்பு முறையே. 1885 முதல் கிம்பர்லியில் மூடிய வளாக முறை நடைமுறைக்கு வந்தது. ஆபிரிக்கத் தொழிலாளர் ஒப்பந்தக் காலம் முழுவதும், மாதக்கணக்கில், வேலியிடப்பட்ட வளாகத்தினுள் அடைபட்டிருந்தனர். உணவும் உடையும் உள்ளேயே வாங்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியேறுமுன், வைரத்தை விழுங்கியிருக்கலாமென்ற ஐயத்தின் பேரில், நாட்கணக்கிற் தடுத்து வைக்கப்பட்டு உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். இணைப்பு நிகழ்ந்த அதே 1888இல் டி பியர்ஸ் சுரங்கத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஆபிரிக்கர்.

கிம்பர்லியில் திரண்ட மிகைப்பெறுமதி ஒரு தலைமுறை கழித்துக் கிறிக்கிள்வூட்டில் இயந்திரமாக உருக்கொண்டது. பார்னாற்றோவின் வருகையோடு கம்பனி புனரமைக்கப்பட்டபோது, பழைய பங்காளரின் ஒரு பவுண் பங்கு ஒரு சிலிங்காகக் குறைக்கப்பட்டது. கம்பனிக்குத் தன் பெயரை அளித்தவர் அதன் முகாமையாளராகத் தொடர்ந்தார். ஆனால் ஆட்சி மூலதனத்தின் கைக்கு மாறிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாகப் பிரித்தானியத் தொழிலாளி வர்க்கம் பொது வேலைநிறுத்தம் செய்த ஆண்டும் இந்த 1926 தான்.

4

‘பென்ற்லிப் பையன்கள்’ என்போரை ஒரே வார்ப்பில் வார்த்தவராகக் கருதுவது தவறு. 1928இல் பார்னாற்றோவுடன் வென்ற பேர்னாட் றூபின், அவுஸ்திரேலியாவில் முத்து வணிகத்தாற் செல்வந்தரானவரின் மகன். 1929இல் வென்ற சேர் ஹென்றி பேர்கின், நொட்டிங்ஹாம் சரிகைப் பின்னல் ஆலைக் குடும்பத்தவர். 1927இல் வென்ற இருவருள் பென்ஜாபீல்ட் ஒரு மருத்துவர். டேவிஸ் மோட்டார்ப் பத்திரிகையாளர். கிளெமென்ற்றோ கம்பனியிற் சம்பளம் பெற்றவர்.

இவர்களுள் புகழ் பங்கிடப்பட்ட முறை கவனத்திற்குரியது. 1924இன் முதல் வெற்றியிற் பங்குகொண்ட கிளெமென்ற் இன்று மிகக் குறைவாகவே பேசப்படுகிறார். பரம்பரைச் செல்வரே கதாநாயகர் ஆயினர். ஆங்கிலக் கிரிக்கெற்றில் 1962 வரை நிலவிய ‘கனவான்கள்’, ‘ஆட்டக்காரர்’ என்ற பாகுபாட்டை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. ஊதியத்துக்காகச் செய்வது தொழில். ஊதியமின்றிச் செய்வது வீரம். ஊதியமின்றி வாழ முடிந்தவர் யார் என்ற வினாவை அவ்விலக்கணம் எழுப்புவதில்லை.

இவர்களிடத்துத் துணிவு இல்லை என்பது நமது வாதமன்று. பார்னாற்றோ லெ மானிற் பங்குகொண்ட மூன்று முறையும் வென்றார். கிட்ஸ்ரன் 1930இல் அவருடன் வென்று, மறு ஆண்டு தென்னாபிரிக்க மலைகளில் விமான விபத்தில் இறந்தார். பேர்கின் 1933இல் திரிப்போலிப் பந்தயத்தின் பின் நோயுற்று மாண்டார். உயிரைப் பணயம் வைத்தமை உண்மை. ஆனால், துணிவு எவ்வடிவிற் சமூக மதிப்புப் பெறுகிறது என்பதை வர்க்கமே நிர்ணயித்தது. சுரங்கத்தின் அடியிலும் மனிதர் அன்றாடம் உயிரைப் பணயம் வைத்தனர். அதனை எவரும் விளையாட்டென்றோ வீரமென்றோ அழைக்கவில்லை.

தோர்ஸ்ரின் வெப்ளென் 1899இல் வெளியிட்ட ஓய்வு வர்க்கம் பற்றிய நூலிற் கூறிய பகட்டு நுகர்வுக் கோட்பாடு இங்கு ஓரளவே பொருந்தும். பொருளைச் செலவிட்டுக் காட்டுவதால் மதிப்புப் பெறுவதை அது விளக்குகிறது. அப்பொருள் எங்கிருந்து வந்ததென்பதை விளக்குவதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி என நமது மரபு போற்றுகிறது. வீரயுகத்திற் செல்வம் கொடையினாற் புகழாயிற்று. முதலாளித்துவ யுகத்தில் அது வேகத்தாற் புகழாயிற்று. தேரைக் கொடுத்தவன் பாடப்பட்ட நிலைமாறி, தேரை வைத்திருப்பவன் பாடப்படும் நிலை தோன்றிற்று.

5

1930இல் வெளிவந்த 8 லீற்றர் மொடலின் அடிச்சட்டம் மட்டும் 1,850 பவுண். மேற்கூட்டை வாங்குபவர் வேறொரு பட்டறையிற் தனியாகச் செய்விக்கவேண்டும். அக்காலத்துப் பிரித்தானியப் பொறித்துறையிற் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் வாரக்கூலி ஏறத்தாழ 3 பவுண். எனவே அவ்வடிச்சட்டம் அத்தகைய ஒருவரின் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக் கூலிக்குச் சமம். 1931இல் மொறிஸ் கம்பனி 100 பவுணுக்கு ஒரு சிறு காரை விற்பனைக்கு விட்டது. பெருந்தொகை உற்பத்தி ஒருபுறமும், தனித்தனியே கைவினைத்திறனோடு ஆக்கப்பட்ட அரும்பண்டம் மறுபுறமுமாக மோட்டார்த் தொழில் பிளவுபட்டமையை இவ்விரு விலைகளும் காட்டுகின்றன.

கைவினைத்திறன் என்ற சொல்லுக்குப் பின்னாலும் மனிதர் உள்ளனர். வோல்ற்றர் ஹசன் 1920இல் இளம் தொழிலாளியாகக் கிறிக்கிள்வூட்டிற் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஜாகுவார் கம்பனியின் பன்னிரண்டு உருளைப் பொறியை உருவாக்கியோருள் முக்கியமானவர். அவர் பெயரேனும் எஞ்சியது. உடன் உழைத்தோர் பலரின் பெயரைப் பொதுமக்கள் அறியார்.

இச்சங்கிலி நம்மவரையும் தொட்டுச் செல்கிறது. 1920களில் உலகின் றப்பரில் மிகப் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலிருந்தே சென்றது. மலாயாத் தோட்டங்களிற் பால் வெட்டியோருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். விலையை உயர்த்தும் நோக்குடன் 1922 முதல் 1928 வரை மலாயா, இலங்கை ஆகியவற்றின் றப்பர் ஏற்றுமதி ஸ்ரீவன்சன் திட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. பந்தயப் பாதையிற் தேய்ந்த சக்கரத்தின் கணக்கில் தோட்ட லயங்களும் அடங்கும்.

6

1930 மார்ச்சில், பார்னாற்றோ ஒரு பந்தயம் கட்டினார். பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரிலிருந்து ‘நீல ரயில்’ கலே துறைமுகத்தை அடையுமுன் தான் காரில் இலண்டனை அடைவதாகக் கூறினார். நான்கு நிமிட இடைவெளியில் வென்றார். அவர் சென்றடைந்த இடம் கொன்சவேற்றிவ் கழகம். அதே ஆண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவிற் பதிவு செய்யப்பட்ட வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தை எட்டியது. இவ்விரு செய்திகளும் ஒரே நாட்டின் ஒரே ஆண்டு வரலாறு.

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்ததன் விளைவு ஆடம்பரப் பண்டத்தை விரைவில் வந்தடைந்தது. 8 லீற்றர் கார்கள் 100 மட்டுமே ஆக்கப்பட்டன. 1931 ஜூலையிற் கம்பனியின் ஈட்டுக்கடன் தவணை செலுத்த வேண்டியிருந்தது. பார்னாற்றோ மேலும் பணமிட மறுத்தார். கம்பனி கடனறவிடுவோர் கைக்குச் சென்றது. மார்க்ஸ் ஆடம்பரத் துறை பற்றிக் கூறியது கிறிக்கிள்வூட் தொழிலாளரின் வாழ்வில் மெய்ப்பட்டது. அதே நெருக்கடியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் தென்னிந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

அதே ஆண்டின் இறுதியில், இடைத்தரகு நிறுவனமொன்றின் பெயரில், றோல்ஸ் றொய்ஸ் 1,25,275 பவுணுக்குப் போட்டிக் கம்பனியை வாங்கிற்று. பென்ற்லி தன் பெயரைத் தாங்கிய கம்பனியில் வெறும் ஊழியரானார். 1935இல் அங்கிருந்து விலகி லகொண்டா கம்பனியிற் சேர்ந்தார். பார்னாற்றோவோ 1934இல் புதிய கம்பனியின் இயக்குநர் சபையில் அமர்ந்தார். ஆக்கியவன் வெளியேற, உடைமையாளன் மீண்டும் உள்ளே வந்தமை தற்செயலன்று.

7

கம்பனி மறைந்த பின்னரே கதை வளர்ந்தது. அதன் வளர்ச்சிமுறை இலக்கிய மாணவருக்குப் பரிச்சயமானதே. நீல ரயிலை முந்திய காராக ஓவியங்களிற் காட்டப்பட்டது, கேர்ணி நட்டிங் பட்டறையின் அழகிய தாழ்கூரைக் கார். உண்மையில் அது பந்தயத்தின் பின்னரே பார்னாற்றோவிடம் வந்து சேர்ந்தது. பந்தயத்தில் ஓடியது சாதாரண மூடுகூட்டுக் கார். கதைக்கு அழகு வேண்டியிருந்தது; உண்மை விட்டுக்கொடுத்தது. மிகை அழுத்தக் காற்றூட்டி பொருத்தப்பட்ட 4½ லீற்றர் கார் பெரும்புகழ் பெற்றதும் இவ்வகையினதே. பென்ற்லியின் விருப்பத்துக்கு மாறாகப் பேர்கின் முயன்று, டொறதி பஜற் என்ற செல்வப் பெண்ணின் பணத்தாற் பந்தயத்தில் ஓடிய அக்கார் லெ மானில் ஒருபோதும் வெல்லவில்லை. ஆயினும், இயன் பிளெமிங் 1953இல் தன் முதல் நாவலில் உளவாளி ஜேம்ஸ் பொண்டுக்கு அளித்தது அக்காரையே. பேரரசு சரிந்துகொண்டிருந்த வேளையில், அதன் இளமைக்காலப் பெருமிதத்துக்கு அது சின்னமாயிற்று.

இன்று அப்பழங்கதை தானே பண்டமாகிவிட்டது. 1998இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் பென்ற்லியை வாங்கியது. 2022இல் 15,000க்கும் மேற்பட்ட பென்ற்லிக் கார்கள் விற்பனையாயின. தன் முதற் பன்னிரண்டு ஆண்டுகளில் பழைய கம்பனி ஆக்கியவை ஏறத்தாழ 3,000 மட்டுமே. பேர்கினின் காரைப் பகுதி பகுதியாக அளந்து 12 புதிய பிரதிகள் ஆக்கப்போவதாகக் கம்பனி 2019இல் அறிவித்தது. வாங்குபவர் பெறுவது இரும்பும் தோலும் மட்டுமல்ல. கடந்த காலத்தின் ஒரு பங்கையும் பெறுகிறார். அப்பங்கிற் கிம்பர்லியின் வேலியும், கிறிக்கிள்வூட்டின் மூடிய கதவும் இடம்பெறுவதில்லை.

வேகத்தை விரும்புவது குற்றமன்று. மனிதன் இயற்கையின் எல்லைகளை மீற முயல்வதும், அம்முயற்சியிற் கையும் அறிவும் இணைவதும் நாகரிகத்தின் பேறுகள். பென்ற்லியின் பொறியில் அத்தகைய பேறு உண்டு. அதனை ஒரு சிலரின் விளையாட்டாகவும், பின்னர் அவர்களது புகழாகவும் சுருக்கிய உடைமை உறவே விமரிசனத்துக்குரியது. எனவே, காரின் வரலாறு ஓட்டியவரின் வரலாறாக மட்டும் எழுதப்படும்வரை அது பாதி வரலாறே. மற்றைய பாதியை வைரம் அகழ்ந்தோர், பால் வெட்டியோர், இரும்பைக் கடைந்தோர் ஆகியோரிடமிருந்து தொடங்கி எழுதவேண்டும். அப்பணி இன்னும் பெருமளவு எஞ்சியிருக்கிறது.