நீராவிக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

பி.காம். படிப்பவனுக்கு நீராவியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மெக்கானிக்கல் படிக்கும் என் பெரியப்பா மகன், அண்ணன், தேர்வு வந்தால் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவார். ‘ஸ்டீம் டேபிள்’ என்றார். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் எண்கள்தான். எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. பத்து சதவீத வட்டியில், ஐந்து வருடம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 0.621 என்று சொல்லும் பட்டியல். அதைக் கால்குலேட்டரில் நானே சரிபார்த்துவிடுவேன். நீராவியின் எண்களை யார் சரிபார்த்தது?

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. இம்மாதிரி ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதைக் கொண்டே டர்பைனையும் ஓட்டி, சாற்றையும் காய்ச்சுகிறார்கள். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீரை அதே 100 டிகிரியில் ஆவியாக்க சுமார் 2257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அழுத்தம் 10 பாருக்கு ஏறினால் நீர் சுமார் 180 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் அங்கே ஆவியாக்க 2015 போதும். இதற்கெல்லாம் எளிய சூத்திரம் கிடையாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பிரான்சில் ரெனோ என்ற விஞ்ஞானி அரசாங்கப் பணத்தில் வருடக்கணக்காக அளந்து 1847-இல் வெளியிட்டார். ஜெர்மனியில் மோலியர் 1904-இல் அந்த எண்களை ஒரே வரைபடத்தில் அடக்கினார். அண்ணனின் வினாத்தாளில் இன்றும் ‘மோலியர் சார்ட் அனுமதிக்கப்படும்’ என்று போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் கேலண்டர் தனியாக ஒரு அட்டவணை போட்டார்.

இனிமேல்தான் நம் பாடம் வருகிறது. டர்பைன் விற்பவர் ‘இவ்வளவு நீராவிக்கு இவ்வளவு மின்சாரம்’ என்று உத்தரவாதம் கொடுப்பார். ஆனால் எந்தப் புத்தகத்தின்படி? ஒரே டர்பைனுக்கு ஒரு நாட்டு அட்டவணையில் ஒரு திறன், இன்னொரு நாட்டு அட்டவணையில் வேறு திறன். பணத் தகராறு! அதனால்தான் 1929-இல் லண்டனில் சர்வதேச மாநாடு கூடியது. பிறகு 1930-இல் பெர்லின், 1934-இல் அமெரிக்கா. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘இவ்வளவு கூடலாம், குறையலாம்’ என்று எல்லையும் குறித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெரியாததையும் கணக்கில் எழுதி வைத்த நேர்மை. 1936-இல் அமெரிக்காவில் கீனனும் கீஸும் போட்ட அட்டவணை பல தலைமுறைப் பொறியாளர்களின் கையில் இருந்தது.

கம்ப்யூட்டர் வந்ததும் அட்டவணை போதவில்லை, சமன்பாடு வேண்டியதாயிற்று. 1967-இல் தொழிற்சாலைகளுக்கென்று ஒரு சமன்பாட்டுத் தொகுதி வந்தது. அதன் இடத்தில் 1997-இல் இன்னும் துல்லியமாகவும் வேகமாகவும் ஓடும் புதிய தொகுதி வந்தது. ஆனால் ஒப்பந்தங்களுக்கு அதை 1999 ஜனவரி 1 முதல்தான் பயன்படுத்தச் சொன்னார்கள். முதல் நாள் இரவு கொதித்த தண்ணீரும் மறுநாள் கொதித்த தண்ணீரும் ஒன்றுதான், கணக்கு மட்டும் மாறியது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்த எங்கள் அரியலூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது :-)

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த எண்களைக் கைக்கு எட்டும்படி செய்ததில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சி.பி. கோதண்டராமனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய தரவுப் புத்தகங்கள் தேர்வு அறைக்குள் போகின்றன.

இப்போது அந்த இடத்துக்கு மென்பொருள் வந்துவிட்டது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் விற்கும் ‘ரெஃப்ப்ராப்’ ஒன்று, அதற்குக் காசு கொடுக்க வேண்டும். இன்னொன்று ‘கூல்ப்ராப்’. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் இயன் பெல்லும் கூட்டாளிகளும் எழுதி, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக விளக்கியது. இலவசம். தண்ணீர், அம்மோனியா, குளிர்சாதன வாயுக்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள். எக்செல்லிலிருந்தும் கூப்பிடலாம். நானும் போட்டுப் பார்த்தேன். சாதாரண காற்றழுத்தத்தில் நீராவிக்கு 26 லட்சத்து 75 ஆயிரத்துச் சொச்சம் என்றது. பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அது கிலோஜூல் இல்லை, ஜூல்.

போன பருவம் அண்ணனின் புராஜெக்டில் ஒரு குளிர்சாதனக் கணக்கு. வாயு ஆர்-134ஏ. மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டும். குளிர்ச்சி கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வந்து நின்றது. இரண்டு இரவு சமன்பாட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எண்ணை மென்பொருளிலிருந்தும் இன்னொன்றைப் பழைய அச்சுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார். நான் பார்த்தது பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்பதை. சில பட்டியல்கள் இந்த வாயுவின் திரவத்துக்கு மைனஸ் 40 டிகிரியில் பூஜ்ஜியம் வைக்கும். சில, 0 டிகிரியில் 200 என்று வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கிலோவுக்குச் சுமார் 148 கிலோஜூல். வித்தியாசம் எடுக்கும்போது இரண்டு எண்ணும் ஒரே பட்டியலிலிருந்து வந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை.

“ஓப்பனிங் பேலன்ஸ் வேற வேற, அண்ணே. ரெண்டு லெட்ஜரைக் கலந்துட்டீங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “இதை எங்க கிளாஸ்ல யாரும் சொல்லலையேடா” என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். அப்போது மணி இரண்டு.