வெந்நீர்த் தொட்டி நீர்ப் பராமரிப்பு

வெந்நீர்த் தொட்டி நீர்ப் பராமரிப்பு என்பது வீடுகளில் உள்ள வெந்நீர்த் தொட்டிகளின் பழைய நீரை வெளியேற்றி, புதுநீரை நிரப்பி, அந்நீரின் வேதியியல் தன்மைகளைச் சமநிலைக்குக் கொண்டுவரும் செயல்முறை ஆகும். வெந்நீர்த் தொட்டி என்பது பலர் ஒன்றாக அமர்ந்து உடலை நனைத்து இளைப்பாறப் பயன்படும், சூடேற்றப்பட்ட நீரைக் கொண்ட பெரிய தொட்டி ஆகும். குளியலறைத் தொட்டியில் ஒவ்வொரு குளியலுக்குப் பின்னும் நீர் வெளியேற்றப்படுகிறது. வெந்நீர்த் தொட்டியிலோ ஒரே நீர் பல வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தொடர்ந்து பயன்படுத்தப்படுகிறது. இதனால் அந்நீரைத் தூய்மையாக வைத்திருப்பது உடல்நலம் சார்ந்த இன்றியமையாத தேவையாகிறது.

வரலாறு

இத்தகைய தொட்டிகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் 1960களில் பரவலாயின. தொடக்கத்தில் பழைய மரத் திராட்சைமதுப் பீப்பாய்களே தொட்டிகளாகப் பயன்பட்டன. இத்தாலியிலிருந்து குடியேறிய ஜக்கூசி குடும்பத்தினரின் நிறுவனம் எக்கிகளைச் (பம்பு) செய்துவந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த கண்டிடோ ஜக்கூசி, மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மகனுக்காக, குளியல் தொட்டியில் வைத்து நீரைப் பீய்ச்சும் எக்கி ஒன்றை உருவாக்கினார். அது 1956 இல் விற்பனைக்கு வந்தது. 1968 இல் ராய் ஜக்கூசி, நீர்த்தாரைகள் தொட்டியின் சுவரிலேயே பொருத்தப்பட்ட குளியல் தொட்டியை அறிமுகப்படுத்தினார். இன்றைய வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் அக்ரிலிக் போன்ற நெகிழிகளால் ஆனவை.

அமைப்பு

வீட்டுத் தொட்டி ஒன்று பொதுவாக 1000 முதல் 2000 லீட்டர் வரை நீர் கொள்ளும். அதன் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* எக்கி: நீரைத் தொடர்ந்து சுழலச் செய்வது.
* சூடேற்றி: நீரை 36 முதல் 40 °செ வரையிலான வெப்பநிலையில் வைத்திருப்பது.
* வடிகட்டி: முடி, தோல்துகள் போன்ற மிதக்கும் பொருள்களைப் பிடித்து வைப்பது.
* நீர்த்தாரைகள்: காற்றும் நீரும் கலந்து வேகமாக வெளிவரும் துளைகள்.
* மூடி: வெப்ப இழப்பையும் நீர் ஆவியாதலையும் குறைப்பது.

தொட்டியின் உட்புறத்தை எளிதில் துடைத்துவிடலாம். ஆனால் நீர்த்தாரைகளுக்குச் செல்லும் குழாய்களின் உட்புறத்தைக் கையால் தொட இயலாது. தொட்டி நீரைப் பேணுவதில் எழும் சிக்கல்களில் பல இக்குழாய்களிலேயே தொடங்குகின்றன.

நீரை மாற்ற வேண்டிய காரணங்கள்

நீந்து குளத்துடன் ஒப்பிடும்போது வெந்நீர்த் தொட்டியின் நீர் அளவு மிகக் குறைவு. 1500 லீட்டர் நீரில் நால்வர் அமர்ந்தால் ஒருவருக்கு 375 லீட்டர் நீரே உண்டு. வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, சோப்பு, ஒப்பனைப் பொருள்கள் ஆகியன அந்நீரில் விரைவாகச் சேர்கின்றன. வெப்பம் காரணமாகக் கிருமிநீக்கிகளும் விரைந்து தீர்ந்துவிடுகின்றன.

கிருமிநீக்கிகளும் பிற வேதிப்பொருள்களும் வினைபுரிந்த பின் தம் எச்சங்களை நீரிலேயே விட்டுச்செல்கின்றன. நீர் ஆவியாகும்போது உப்புகள் ஆவியாவதில்லை. ஆகவே நாளடைவில் நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு கூடிக்கொண்டே போகிறது. வடிகட்டியால் கரைந்த பொருள்களைப் பிரிக்க இயலாது. இந்நிலையில் நீரை மாற்றுவதே எளிய தீர்வாகும்.

மாற்றும் கால இடைவெளி

வீட்டுத் தொட்டிகளில் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுவது வழக்கம். பயன்பாட்டைப் பொறுத்துக் கணக்கிட ஓர் எளிய விதி உண்டு: தொட்டியின் கொள்ளளவை அமெரிக்க கேலன் அளவில் எடுத்து மூன்றால் வகுத்து, வரும் எண்ணை நாள்தோறும் பயன்படுத்துவோரின் சராசரி எண்ணிக்கையால் மீண்டும் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடையே நாள்களின் எண்ணிக்கை. லீட்டரில் கணக்கிடுவோர் மூன்றுக்கு மாற்றாக 11.4 ஐக் கொண்டு வகுக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 1500 லீட்டர் தொட்டியை நாள்தோறும் இருவர் பயன்படுத்தினால், 1500 ஐ 11.4 ஆல் வகுக்க ஏறத்தாழ 132 வரும். அதை 2 ஆல் வகுக்க 66 நாள்கள் ஆகும். நால்வர் பயன்படுத்தினால் 33 நாள்களே ஆகும். நீர் கலங்குதல், நுரை நீங்காதிருத்தல், கெட்ட நாற்றம் வீசுதல் ஆகியவை தென்பட்டால் இக்கணக்கைப் பாராமல் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

நீரை வெளியேற்றல்

1. குழாய்களைத் தூய்மை செய்தல்: குழாய்களின் உட்சுவரில் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. இப்படலம் கிருமிநீக்கி உள்ளே புகாதவாறு நுண்ணுயிர்களைக் காக்கிறது. ஆகவே பழைய நீர் தொட்டியில் இருக்கும்போதே, படலத்தைக் கரைக்கும் கரைசலை ஊற்றி எக்கியை இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் நீரை மட்டும் மாற்றினால், பழைய நுண்ணுயிர்கள் புதுநீரில் மீண்டும் பெருகும்.

2. மின்சாரத்தைத் துண்டித்தல்: தொட்டிக்குச் செல்லும் மின்னிணைப்பை அதன் தனிச் சுற்றிலேயே துண்டிக்க வேண்டும். நீரில்லாத நிலையில் சூடேற்றியோ எக்கியோ இயங்கினால் அவை பழுதாகிவிடும். மின்னதிர்ச்சி ஏற்படாமல் இருக்கவும் இது தேவை.

3. நீரை வடித்தல்: தொட்டியின் அடியிலுள்ள வால்வில் ரப்பர் குழாயை இணைத்துப் புவியீர்ப்பினால் வடியவிடலாம். நீரில் மூழ்கி இயங்கும் எக்கியைப் பயன்படுத்தினால் நேரம் வெகுவாகக் குறையும்.

4. துடைத்தல்: தொட்டியின் உட்புறத்தைச் சொரசொரப்பற்ற துணியால் துடைத்து, நன்கு அலச வேண்டும். சோப்பின் எச்சம் புதுநீரில் நுரையை உண்டாக்கும். வடிகட்டியையும் இவ்வேளையில் கழுவ வேண்டும்.

வெளியேற்றும் நீர் எங்கே செல்கிறது என்பது முக்கியமானது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தெருவோர மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு எதுவுமின்றி நேரே ஓடைகளையும் ஆறுகளையும் சென்றடைகின்றன. குளோரின் மிகச்சிறு அளவிலும் மீன்களின் செவுள்களைத் தாக்கிக் கொல்ல வல்லது. எனவே கிருமிநீக்கி சேர்ப்பதை நிறுத்தி, சில நாள்கள் தொட்டியைத் திறந்து வைத்து, குளோரின் அளவு சுழியானதைச் சோதித்தறிந்த பின்னரே நீரை வெளியேற்ற வேண்டும். சோடியம் தயோசல்பேட் சேர்த்தும் குளோரினை நீக்கலாம். மலக்குழித் தொட்டி உள்ள வீடுகளில் இந்நீரை அதனுள் விடுவது தகாது. ஒரே நேரத்தில் பாயும் மிகுதியான நீர் அதன் கொள்திறனை மீறுவதோடு, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் குளோரின் அழிக்கக்கூடும். இது குறித்த விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன.

உறைபனி பெய்யும் நாடுகளில் கடுங்குளிர் தொடங்கும் முன்னரே நீரை மாற்றிவிடுவது வழக்கம். வடித்த பின் குழாய்களில் தேங்கும் சிறிதளவு நீர் உறைந்து விரிந்தாலும் குழாய்கள் வெடிக்கும்.

மீண்டும் நிரப்பல்

புதுநீரை வடிகட்டி பொருத்தும் குழியின் வழியாக நிரப்புவது நல்லது. இதனால் குழாய்களில் உள்ள காற்று மேலே தள்ளப்பட்டு, எக்கியில் காற்றடைப்பு ஏற்படுவது குறைகிறது. கிணற்று நீரில் இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். அவை குளோரினுடன் வினைபுரிந்து நீரை நிறம் மாற்றுவதால், அத்தகைய நீரை முன்வடிகட்டி வழியாகச் செலுத்துகின்றனர். நீர் உரிய மட்டத்தை அடைந்த பின்னரே மின்சாரத்தை இணைக்க வேண்டும்.

1500 லீட்டர் நீரை 15 °செ இலிருந்து 38 °செ வரை சூடாக்க ஏறத்தாழ 40 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. 5.5 கிலோவாட் சூடேற்றி இதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 1.5 கிலோவாட் சூடேற்றியாயின் ஒரு நாளுக்கும் மேலாகும்.

நீரைச் சமன்படுத்தல்

நீரின் தன்மைகள் சோதனைத் தாள்களைக் கொண்டோ துளிச் சோதனைப் பெட்டியைக் கொண்டோ அளக்கப்படுகின்றன. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள் வருமாறு (மிகி/லீ என்பது ஒரு லீட்டரில் உள்ள மில்லிகிராம்):

* மொத்தக் காரத்தன்மை: 80 - 120 மிகி/லீ
* பி.எச். மதிப்பு: 7.2 - 7.8
* கால்சியக் கடினத்தன்மை: 150 - 250 மிகி/லீ
* குளோரின்: குறைந்தது 3 மிகி/லீ
* புரோமின் (குளோரினுக்கு மாற்றாக): குறைந்தது 4 மிகி/லீ

இவற்றை மேற்கண்ட வரிசையிலேயே சரிசெய்வது வழக்கம். ஒவ்வொரு பொருளையும் சேர்த்த பின் எக்கியை இயக்கி நன்கு கலக்கச் செய்து, மீண்டும் அளந்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

மொத்தக் காரத்தன்மை என்பது பி.எச். மதிப்பு திடீரென மாறாதவாறு தடுக்கும் நீரின் திறன் ஆகும். இதனாலேயே இது முதலில் சரிசெய்யப்படுகிறது. இதனை உயர்த்தச் சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா) பயன்படுகிறது. 1500 லீட்டர் நீரில் 40 மிகி/லீ உயர்த்த ஏறத்தாழ 100 கிராம் போதுமானது.

பி.எச். மதிப்பு 7.2 இற்குக் கீழே சென்றால் நீர் சூடேற்றியின் உலோகப் பகுதிகளை அரிக்கும். 7.8 இற்கு மேலே சென்றால் குளோரினின் கிருமிநீக்கும் ஆற்றல் குறையும். உப்புப் படிவும் உண்டாகும். இதனைக் குறைக்கச் சோடியம் பைசல்பேட்டும், உயர்த்தச் சோடியம் கார்பனேட்டும் (சலவைச் சோடா) பயன்படுகின்றன. நீர்த்தாரைகள் நீரில் காற்றைக் கலக்கும்போது அதில் கரைந்துள்ள கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. இதனால் பயன்பாட்டின்போது பி.எச். மதிப்பு தானாகவே உயரும் போக்குடையது.

கடினத்தன்மை மிகுந்தால் சூடேற்றியின் மீது வெண்ணிறக் கால்சியம் கார்பனேட் படிகிறது. பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ வெந்நீரில் குறைவாகவே கரையும். ஆகவே நீர் மிகுதியாகச் சூடாகும் இடத்திலேயே படிவு முதலில் தோன்றுகிறது. கடினத்தன்மை மிகக் குறைந்தால் நீர் அரிக்கும் தன்மை பெறும், நுரையும் கூடும். 1500 லீட்டரில் 100 மிகி/லீ உயர்த்த ஏறத்தாழ 220 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடு தேவை. கடினத்தன்மையைக் குறைக்க, நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி மென்னீர் சேர்ப்பதே நடைமுறை வழி.

இக்காரணிகளை ஒன்றாகக் கருதி, நீர் படிவை உண்டாக்குமா அரிப்பை உண்டாக்குமா எனக் கணிக்கும் சுட்டெண்ணை வில்பிரெட் லாங்கலியர் 1936 இல் வெளியிட்டார். அது லாங்கலியர் சுட்டெண் எனப்படுகிறது. குடிநீர்க் குழாய்களுக்காக உருவாக்கப்பட்ட இச்சுட்டெண் பின்னர் நீந்து குளங்களுக்கும் பயன்படலாயிற்று.

கிருமிநீக்கம்

வீட்டுத் தொட்டிகளில் பரவலாகப் பயன்படுவது டைகுளோர் எனப்படும் குளோரின் சேர்மம் ஆகும். 1500 லீட்டர் நீரில் 3 மிகி/லீ குளோரின் பெற ஏறத்தாழ 8 கிராம் போதும். ஆனால் டைகுளோர் வழியாக 10 மிகி/லீ குளோரின் சேரும்போது 9 மிகி/லீ சயனூரிக் காடியும் நீரில் சேர்கிறது. குளோரின் தீர்ந்துபோகும், சயனூரிக் காடியோ தங்கிவிடும். நாளொன்றுக்கு 2 மிகி/லீ வீதம் சேர்த்தால், 30 நாள்களில் சயனூரிக் காடி 54 மிகி/லீ அளவை எட்டும். இது குளோரினைப் பிணைத்துவைத்து, அது கிருமிகளைக் கொல்லும் வேகத்தைக் குறைக்கிறது. சோதனைத் தாள் போதிய குளோரின் இருப்பதாகக் காட்டினாலும் நீர் பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடும். இதனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், வெந்நீர்த் தொட்டிகளில் சயனூரிக் காடி கொண்ட குளோரினைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது.

வியர்வையிலுள்ள நைட்ரசன் சேர்மங்களுடன் குளோரின் வினைபுரிந்தால் குளோரமீன்கள் உருவாகின்றன. பலர் "குளோரின் நாற்றம்" எனக் கருதுவது இவற்றின் நாற்றமே. அந்நாற்றம் குளோரின் மிகுதியைக் காட்டுவதன்று. நீர் மாசடைந்துள்ளதையே பெரும்பாலும் காட்டுகிறது.

பராமரிப்புக் குறைவால் ஏற்படும் நோய்கள்

* லெஜியோனேயர் நோய்: லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் கடும் நுரையீரல் அழற்சி. 25 முதல் 45 °செ வரையிலான நீரில் இப்பாக்டீரியா நன்கு பெருகும். நீர்த்தாரைகள் எழுப்பும் நுண்திவலைகளைச் சுவாசிப்பதால் இது தொற்றுகிறது.
* மயிர்க்கால் அழற்சி: சூடோமோனாசு பாக்டீரியாவால் தோலில் தோன்றும் அரிப்புடன் கூடிய தடிப்புகள்.
* வெந்நீர்த் தொட்டி நுரையீரல் நோய்: திவலைகளில் உள்ள மைக்கோபாக்டீரியாக்களால் ஏற்படும் நுரையீரல் பாதிப்பு.

1999 இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில் லெஜியோனேயர் நோய் பரவிக் குறைந்தது 32 பேர் உயிரிழந்தனர். அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த நீர்ச்சுழல் தொட்டியே மூலம் எனக் கருதப்படுகிறது. 2019 இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சந்தை ஒன்றிலும் காட்சிக்கு வைக்கப்பட்ட வெந்நீர்த் தொட்டிகளுடன் தொடர்புடையதாக இந்நோய் பரவி நால்வர் இறந்தனர். காட்சிக்கு வைக்கப்பட்ட தொட்டிகள் என்பதால், அவற்றில் இறங்காமல் அருகே நடந்து சென்றோரும் நோயுற்றனர்.

பாதுகாப்பு விதிகள்

* வேதிப்பொருளை நீரில் இட வேண்டும். வேதிப்பொருளின் மீது நீரை ஊற்றக் கூடாது.
* இருவகைக் குளோரின் சேர்மங்களைக் கலக்கக் கூடாது; தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். காடியுடன் குளோரின் சேர்மம் கலந்தால் நச்சு வாயு வெளிவரும்.
* நீரின் வெப்பநிலை 40 °செ ஐத் தாண்டக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவது தகாது.
* நீரை உறிஞ்சும் வாய்களின் மூடி உடைந்திருந்தால் தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது. 2002 இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உறிஞ்சுவாயில் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து, பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* நீந்து குளம்
* நீரின் கடினத்தன்மை
* லெஜியோனேயர் நோய்
* குளோரினேற்றம்