கிரீனிச்சில் இரண்டு பழைய கப்பல்கள்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் கிரீனிச் இருக்கிறது. உலக நேரக் கணக்குக்காகப் பள்ளிப் பருவத்திலேயே நமக்குப் பழக்கமான பெயர். 1968-இலிருந்து 2004 வரை அந்த ஊரின் நதிக்கரையில் இரண்டு பழைய கலங்கள் அருகருகே நின்றன. ஒன்று பெரிய சரக்குக் கப்பல், பெயர் கட்டி சார்க். இன்னொன்று ஒரே ஒரு மனிதர் உலகைச் சுற்றி வந்த சிறிய பாய்ப்படகு, பெயர் ஜிப்ஸி மாத் 4. இரண்டும் தண்ணீரில் மிதக்கவில்லை. தரையில் கட்டிய உலர் துறையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களைப் போல நின்றுகொண்டிருந்தன.

இந்த இரண்டின் கதையையும் நான் வணிகவியல் படித்தவனின் கண்ணோடுதான் படித்தேன். பழைய கப்பலை வாங்குவதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அதை வைத்துக்கொள்ள ஆகும் செலவு எவ்வளவு, அதில் கிடைக்கும் சந்தோஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது.

முதலில் பெரியதைப் பார்ப்போம். ஜான் வில்லிஸ் என்ற கப்பல் முதலாளி, சீனாவிலிருந்து தேயிலை ஏற்றி வர வேகமான பாய்மரக் கப்பல் ஒன்று வேண்டும் என்று விரும்பினார். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் ஊரில் ஸ்காட் அண்ட் லிண்டன் என்ற புதிய நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தார். டன்னுக்கு 17 பவுண்டு, மொத்தம் 16,150 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது ஒப்பந்தம். வில்லிஸின் மேற்பார்வையோ கடுமையானது. மரத்திலும் இரும்பிலும் கொஞ்சம்கூடக் குறை வைக்க முடியவில்லை. கப்பல் முடிவதற்குள் நிறுவனத்திடம் பணம் முடிந்துவிட்டது. நிறுவனம் நொடித்துப்போக, டென்னி என்ற வேறொரு கப்பல் கட்டும் நிறுவனம் மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தது. தரத்தில் குறையாத கப்பல் வில்லிஸுக்குக் கிடைத்தது, கட்டியவர்கள் கடையை மூடினார்கள். குறைந்த கொட்டேஷனைப் பார்த்து நாம் மகிழும் நேரங்களில் இந்தக் கதையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

கப்பல் தண்ணீரில் இறங்கிய நாள் 22 நவம்பர் 1869. அதற்கு 5 நாள் முன்னால்தான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது! நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியாகக் குறுக்கே போய்விட முடியும். காற்றை நம்பிய பாய்மரக் கப்பல்களுக்குக் கால்வாயும் செங்கடலும் ஒத்துவரவில்லை. அவை ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். ஆக, இந்தக் கப்பல் செய்ய வேண்டிய தொழில் அதன் முதல் பயணத்துக்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. 1870-இலிருந்து 8 முறை தேயிலை ஏற்றியது. பிறகு அந்த வியாபாரம் நீராவிக் கப்பல்கள் கைக்குப் போய்விட்டது.

ஆனால் கட்டி சார்க் வேறு வேலை கண்டுபிடித்துக்கொண்டது. 1883-இலிருந்து ஆஸ்திரேலியாவின் கம்பளியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. தென்கடலின் பலமான மேலைக்காற்றில் அதன் உண்மையான வேகம் தெரிந்தது. 1885-இல் சிட்னியிலிருந்து 73 நாளில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. அந்தத் தொழிலும் மெலிந்தபோது, 1895-இல் வில்லிஸ் அதை ஒரு போர்ச்சுகீசிய நிறுவனத்துக்கு 2,100 பவுண்டுக்கு விற்றார். 26 வருடத்தில் 16,150 பவுண்டு 2,100 ஆகிவிட்டது. தேய்மானம் என்றால் இதுதான். பாடப்புத்தகத்தில் போடலாம்.

போர்ச்சுகீசியர்கள் அதற்கு ஃபெரெய்ரா என்று பெயர் மாற்றி இன்னும் 27 வருடம் சரக்கு ஏற்றினார்கள். 1916-இல் நன்னம்பிக்கை முனைக்கு அருகே புயலில் பாய்மரங்கள் முறிந்தன. செலவைக் குறைக்கச் சின்னப் பாய்களோடு மறுபடி ஓட்டினார்கள். 1922-இல் மோசமான வானிலைக்குப் பயந்து இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, வில்ஃப்ரட் டவ்மன் என்ற ஓய்வு பெற்ற கப்பல் தலைவர் அதைப் பார்த்தார். இளைஞராக அவர் வேறொரு கப்பலில் பயிற்சியில் இருந்தபோது, கட்டி சார்க் தங்களைக் கடலில் முந்திக்கொண்டு போனதைக் கண்டவர். அந்தக் கப்பல்தான் இது என்று அடையாளம் கண்டுகொண்டார். அதை எப்படியாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

கொடுத்த விலை 3,750 பவுண்டு. வில்லிஸ் விற்ற விலையைவிட அதிகம். முதல் உலகப்போருக்குப் பின் பவுண்டின் மதிப்பு குறைந்திருந்தது உண்மைதான். ஆனாலும் 53 வயதான, மரங்கள் முறிந்து, உருவமும் மாறிப்போன ஒரு கப்பலுக்கு எந்த வியாபாரியும் இந்த விலை கொடுக்க மாட்டார். டவ்மன் வாங்கியது சரக்கு ஏற்றும் சாதனத்தை அல்ல, இளம் வயதில் தன்னைக் கடந்து போன அழகை. அந்தக் கணக்குக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது.

இதற்குப் பிறகுதான் செலவு ஆரம்பித்தது. டவ்மனும் அவர் மனைவி கேத்தரீனும் பழைய படங்களைப் பார்த்து, பாய்மரங்களையும் கயிறுகளையும் முதலில் இருந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கப்பலில் சிறுவர்களுக்குக் கடல் பயிற்சி கொடுத்தார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள். 1936-இல் டவ்மன் இறந்தார். 1938-இல் கேத்தரீன் அம்மையார் கப்பலைத் தேம்ஸ் நதியில் இருந்த ஒரு கடல் பயிற்சிக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தார். கொடுக்கும்போது பராமரிப்புக்காக 5,000 பவுண்டும் சேர்த்துக் கொடுத்தார்.

இந்தக் கதையில் என்னை அதிகம் கவர்ந்த வரவு இதுதான். வாங்கிய விலை 3,750. தானமாகக் கொடுக்கும்போது கூடவே வைத்த தொகை 5,000. பழைய பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் அது வாங்குபவர் தலையில் செலவை ஏற்றுகிறது என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று நாம் கார்பஸ் ஃபண்டு என்று சொல்வதை அவர் கப்பலோடு கட்டிக் கொடுத்தார்.

போருக்குப் பின் கல்லூரிக்கும் அது பாரமாகிவிட்டது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபிராங்க் கார் முன்னின்று முயற்சி எடுத்தார். நிதி திரட்டி, கப்பலுக்கென்றே உலர் துறை கட்டி, 1954 டிசம்பரில் அதற்குள் கொண்டுவந்தார்கள். 1957-இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார்.

கப்பலைத் தரையில் ஏற்றிவிட்டால் இனிக் கவலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கப்பல் தண்ணீரில் மிதப்பதற்காகக் கட்டப்பட்டது. தண்ணீர் அதன் உடலை எல்லாப் பக்கமும் தாங்கும். தரையில் வைத்தால் மொத்த எடையும் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து, வயிற்றுப் பக்கம் பிதுங்க ஆரம்பிக்கும். மரம் காய்ந்து சுருங்கினால் பலகை இடுக்குகள் வாய் பிளக்கும். நம் கடலோர ஊர்களில் நார் திணித்து அடைக்கும் அந்த வேலையைக் கலப்பத்து என்பார்கள். கடலில் இருந்தால் வருடாவருடம் நடக்கும், தரையில் இருந்தால் யாருக்கும் நினைவு வராது. உப்பு நீர் ஓரளவு மரத்தைக் காக்கும். மழை நீர் இடுக்கில் இறங்கித் தங்கினால் உளுக்கவைத்துவிடும். கட்டி சார்க்கின் எலும்புக்கூடு இரும்பு, மேல்தோல் மரம். பல வருடம் ஊறிய உப்பு, உள்ளே இருக்கும் இரும்பை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், கப்பலையே பிரித்துச் சரிசெய்யும் பெரிய வேலைக்கு 2.5 கோடி பவுண்டு மதிப்பீடு போட்டு, 2006-இல் பார்வையாளர்களை நிறுத்தி ஆரம்பித்தார்கள்.

இனிப் பக்கத்து வீட்டுக்காரரான ஜிப்ஸி மாத் 4. ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் 1966 ஆகஸ்ட் மாதம் பிளிமத் துறைமுகத்திலிருந்து தனியாக அதில் கிளம்பினார். சிட்னியில் ஒரே ஒரு இடத்தில் நின்று, 28 மே 1967-இல் பிளிமத் திரும்பினார். கடலில் கழித்தது 226 நாள், திரும்பியபோது வயது 65. அதே வருடம் கிரீனிச்சில்தான் மகாராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். 1968-இல் படகையும் அங்கேயே, கட்டி சார்க்குக்கு அருகே நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படகைச் சிசெஸ்டருக்கே பிடிக்காது. ஓட்டச் சிரமமானது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மெல்லிய மகோகனிப் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உடல் அது. மழையிலும் வெயிலிலும் 36 வருடம் நின்றது. ஆரம்பத்தில் பார்வையாளர்கள் மேலே ஏறி நடந்து தளம் தேய்ந்தது, பிறகு ஏறுவது நிறுத்தப்பட்டது. படகு அப்படியே உளுக்கத் தொடங்கியது. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பத்திரமே அதைத் தின்றுகொண்டிருந்தது.

யாட்டிங் மன்த்லி என்ற படகுப் பத்திரிகை இதைக் கவனித்து இயக்கம் தொடங்கியது. 2004-இல் இளைஞர்களுக்குப் படகோட்டக் கற்றுத்தரும் ஓர் அமைப்பு அதை வாங்கியது. விலை 1 பவுண்டும் ஒரு கோப்பை ஜின் அண்ட் டானிக்கும்! சிசெஸ்டருக்குப் பிடித்த பானம் அது. ஒரு பவுண்டுக்கு வாங்கிய படகைச் சரிசெய்ய லட்சக்கணக்கில் பவுண்டு ஆயிற்று. கட்டிய அதே நிறுவனம், கேம்ப்பர் அண்ட் நிக்கல்சன்ஸ், பழுது பார்த்தது. பல நிறுவனங்கள் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தன. 2005-இல் படகு மறுபடி கடலில் இறங்கி, இரண்டாவது முறையாக உலகைச் சுற்றக் கிளம்பியது. வழி நெடுகிலும் வசதி குறைந்த பின்னணியில் வளர்ந்த இளைஞர்கள் மாறிமாறி அதில் வேலை செய்தார்கள்.

2006 ஏப்ரலில் பசிபிக் கடலின் ரங்கிரோவா தீவருகே பவளப்பாறையில் மோதிப் பக்கத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. கிரீனிச்சிலேயே விட்டிருக்கலாமே என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் மீட்டு, நியூசிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

இங்கே தேதிகளைப் பாருங்கள். 21 மே 2007, திங்கட்கிழமை அதிகாலை. கிரீனிச் தரையில், வேலிக்குள், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த கட்டி சார்க்கில் தீப்பிடித்தது. வேலைக்குப் பயன்படுத்திய பெரிய வேக்கம் கிளீனர் ஒன்றை அணைக்காமல் விட்டதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 28 மே 2007, அடுத்த திங்கட்கிழமை, ஜிப்ஸி மாத் 4 உலகைச் சுற்றிவிட்டுப் பிளிமத் துறைமுகத்தில் நுழைந்தது. சிசெஸ்டர் திரும்பிய அதே தேதி, 40 வருடம் கழித்து. ஆபத்து நிறைந்த கடலுக்குப் போனது முழுசாக வந்தது. பத்திரமான இடத்தில் நின்றது எரிந்தது.

இதை வைத்து, பழையதைப் பூட்டி வைப்பது தவறு என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. கட்டி சார்க் பிழைத்துக்கொண்டது. பாய்மரங்களும் பலகைகளில் பெரும்பகுதியும் வேலைக்காக முன்பே கழற்றி வெளியே எடுக்கப்பட்டிருந்தன, அவை தப்பின. மொத்தச் செலவு சுமார் 5 கோடி பவுண்டைத் தொட்டது. 2012 ஏப்ரலில், 1957-இல் திறந்துவைத்த அதே மகாராணி மறுபடி வந்து திறந்துவைத்தார். கப்பலை 3 மீட்டருக்கு மேல் தூக்கி, கீழே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். அந்த வருடத்தின் மோசமான கட்டடத்துக்கான கேலிப் பரிசு ஒன்றையும் அந்த அமைப்பு வாங்கியது. இத்தனை செலவு செய்தும் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்பது நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஜிப்ஸி மாத்தின் வெற்றியும் இலவசமாக வரவில்லை. வைத்திருக்கும் செலவு தாங்காமல் அந்த அமைப்பு 2010-இல் படகை விற்றது. வாங்கியவர்கள் அதைப் பிரிட்டனிலேயே வைத்துத் தொடர்ந்து ஓட வழி செய்தார்கள்.

இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மூலதனச் செலவு ஒரு முறை வருவது. அதற்குத்தான் விழா, மாலை, புகைப்படம். வருவாய்ச் செலவு வருடாவருடம் வருவது. அதற்குக் கைதட்டல் கிடையாது. பழைய பொருள்களைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது செலவுதான். அதைத் தள்ளிப்போட்டால் அது மறைவதில்லை, சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் பெரிய மூலதனச் செலவாக வாசலில் வந்து நிற்கும். வணிகவியலில் சிங்கிங் ஃபண்டு என்று ஒன்று உண்டு. ஒரு சொத்து தேயத் தேய, மாற்றுவதற்காக ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் பணம். பெயரில் மூழ்குவது இருந்தாலும், மூழ்காமல் இருக்கத்தான் அது.

நம் கட்டடத்துக்கும் வயது ஏறுகிறது. மாதப் பராமரிப்புத் தொகை எதற்கு, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்ற கேள்வி அவ்வப்போது எழும். நன்றாக இருப்பதே அந்தத் தொகையால்தான். 3,750-க்கு வாங்கிய கப்பலோடு 5,000 பவுண்டைச் சேர்த்துக் கொடுத்த கேத்தரீன் அம்மையாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.