செவானி புலிகள்: 1899 பருவம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மலைமேல் அமைந்த சிறு கல்விக்கூடம், செவானியின் தெற்குப் பல்கலைக்கழகம். அதன் கால்பந்து அணி 1899-இல் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322, கொடுத்தவை வெறும் 10. பில்லி சூட்டர் பயிற்சியாளர், ஹென்றி சீபெல்ஸ் அணித்தலைவர்.

இது நாம் அறிந்த காலால் உதைக்கும் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை விதிகளில் இல்லை. எனவே ஒவ்வொரு கெஜமும் உடல்வலுவால்தான் கிடைத்தது.

அதை மனத்தில் வைத்தே அந்த நவம்பர் பயணத்தைப் பார்க்க வேண்டும். மேலாளர் லூக் லீ வகுத்த திட்டப்படி, அணி ரயிலேறி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றியது. 9-ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சாஸ் 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 10-0. அதற்கடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் 23-0. ஞாயிறு மட்டும் ஓய்வு. திங்களன்று பேட்டன் ரூஜில் லூசியானா அணி 34-0, செவ்வாயன்று மெம்ஃபிஸில் மிசிசிப்பி 12-0. ஆறே நாளில் ஐந்து வெற்றிகள். எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை! கல்லூரிக் கால்பந்தில் இதற்கு இணையான சாதனை இல்லை என்றே சொல்லலாம்.

அப்பருவத்தில் செவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்தது ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த ஆபர்ன் அணி மட்டுமே. அந்த ஆட்டம் 11-10 என்ற கணக்கில் மயிரிழையில் முடிந்தது. இரண்டே நாளில் வட கரோலினாவை 5-0 என வென்று செவானி பருவத்தை முடித்தது.

லூக் லீ பின்னாளில் டென்னசியின் செனட்டர் ஆனார்.