சரளி வரிசை முதல் நவராத்ரி மண்டபம் வரை

நம் அகத்துக் குழந்தைகள் பாட்டுக் கற்க ஆரம்பித்தால் முதலில் மாயாமாளவகௌளைதான். ஸ-ரி-க-ம வில் உள்ள இடைவெளிகளே ப-த-நி-ஸ விலும் அப்படியே வருவதால் பிஞ்சுத் தொண்டைக்கு அது சௌகரியம். சரளி, ஜண்டை, தாட்டு, ஏழு தாளங்களுக்கு ஏழு அலங்காரம், கீதம், வர்ணம், அப்புறம்தான் கிருதி. இந்தக் கிரமத்தைப் புரந்தரதாஸர் (1484–1564) வகுத்ததாகச் சம்பிரதாயம்.

குருமுகமாக வீட்டில் நடந்த இந்தப் பாடம், நம் திருவனந்தபுரத்தில் 1939-ல் பரீட்சையும் பட்டமும் உள்ள படிப்பாயிற்று. சித்திரைத் திருநாள் மகாராஜா ஆரம்பித்த ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமிக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் பிரின்ஸிபால். அவருக்குப் பின் செம்மங்குடி. அங்கே சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். கானபூஷணம், கானப்ரவீணா இரண்டிலும் முதல் ராங்க். பிற்பாடு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் பிரின்ஸிபாலும் ஆனார்.

ஆனால் கோட்டைக்குள் இருக்கும் நவராத்ரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமில்லை. சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் ஒன்பது நாள் கச்சேரி, கைதட்டல்கூடக் கிடையாது. அத்தனை படியும் ஏறி, பிறரையும் ஏற்றிவிட்டவருக்கு அந்த ஒரு படி மட்டும் பாக்கி நின்றது. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

2006-ல், 81 வயதில், அவர் அங்கே உட்கார்ந்து பாடினார்.

என் அத்தை கல்யாணத்துக்காக வர்ணத்தோடு பாட்டை நிறுத்தியவள். அந்தச் செய்தியைப் படித்த அன்று பரணிலிருந்த சுருதிப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.