17 பேர் மட்டுமே இருந்த மலேரியா ஐந்து லட்சமானது எப்படி?

1/ "ரேச்சல் கார்சன் ஒரு புத்தகம் எழுதினார், டிடிடியைத் தடை செய்தார்கள், இலங்கையில் மலேரியா திரும்பி வந்துவிட்டது." இப்படி ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுற்றுது. நீங்களும் பார்த்திருப்பீங்க. மலேரியா திரும்பி வந்தது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ 1934-35. இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணல் நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. அங்கே மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்கு இதுபோன்ற குட்டைகள்தான் பிடித்த இடம். அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

3/ 1939ல் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் பால் முல்லர், டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948ல் அவருக்குக் கிடைத்தது மருத்துவத்துக்கான நோபல் பரிசு! சுவரில் ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் நிற்கும். ரத்தம் குடித்துவிட்டு அந்தச் சுவரில் உட்காரும் கொசு செத்து விழும்.

4/ இலங்கையில் வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். 1946ல் மலேரியா வந்தவர்கள் சுமார் 28 லட்சம் பேர். 1963ல் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 17 பேர்.

5/ 1964ல் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் தடை போடவில்லை. நோய்தான் இல்லையே, இன்னும் எதுக்குச் செலவு என்ற கணக்குதான். கார்சனின் புத்தகம் 1962ல் வந்தது. ஆனால் அமெரிக்காவே டிடிடியைத் தடை செய்தது 1972ல்தான். அதற்கு முன்பே இலங்கையில் மலேரியா திரும்பிவிட்டது.

6/ 1967-68ல் மறுபடியும் மழை குறைந்தது. ஆற்றுக் குட்டைகளோடு, மாணிக்கக் கல் தேடித் தோண்டிய குழிகளிலும் கொசு பெருகியது. கண்காணிப்போ தளர்ந்திருந்தது. 1969ல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

7/ பழைய ஆயுதத்தையே மறுபடி எடுத்தார்கள். பழைய பலன் கிடைக்கவில்லை. குலிசிபேசிஸ் கொசு டிடிடியைத் தாங்கப் பழகிவிட்டது என்பது 1969ல் தெரியவந்தது.

8/ "பழகிவிட்டது" என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் எந்தக் கொசுவும் பழகுவதில்லை. லட்சம் கொசுக்களில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே டிடிடியை உடைத்துப் போடும் நொதி அதிகமாக இருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிடும். மிஞ்சிய ஒன்றிரண்டின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் கிருமி உருவாகும் அதே கதை.

9/ அடுத்து மாலத்தியான். 1977க்குள் டிடிடியின் இடத்தை முழுவதுமாக இது பிடித்தது. இந்த முறை இலங்கை சுதாரித்துக்கொண்டது. மாலத்தியானை வயலில் அடிக்க விடாமல், மலேரியாவுக்கென்றே ஒதுக்கி வைத்தது. அப்படியும் 1980களில் எதிர்ப்பு தலைகாட்டியது. பிறகு பைரித்ராய்டு வகை வந்தது. ஒரே மருந்தை நாடு முழுக்க அடிக்காமல், இடத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

10/ இதில் ஒரு சிக்கல். டிடிடியும் பைரித்ராய்டும் தாக்குவது கொசுவின் நரம்பில் இருக்கும் ஒரே சோடியம் வாயிலைத்தான். அந்த வாயிலின் அமைப்பு மாறிய கொசு இரண்டிலிருந்தும் தப்பும். மருந்து ஏற்றிய கொசுவலைகளில் பல வருஷம் பைரித்ராய்டு மட்டுமே இருந்தது. ஆப்பிரிக்காவில் அது மங்கத் தொடங்கியபோது, கையில் மாற்று இல்லை.

11/ ஏன் இல்லை? மலேரியா ஏழைகளின் நோய். அதற்கென்று தனியாகப் பூச்சிமருந்து உருவாக்கினால் போட்ட காசு திரும்பாது. கடைசியில் கைகொடுத்தது விவசாயத்தில் இருந்த குளோர்ஃபெனாபிர். இது நரம்பைத் தொடாது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும். தான்சானியாவில் நடந்த ஆய்வில், பைரித்ராய்டோடு இதையும் சேர்த்த வலைகள், சாதாரண மருந்து வலைகளைவிட, இரண்டு வருஷத்தில் குழந்தைகளின் மலேரியாவை 44% குறைத்தன. 2023ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

12/ சரி, இலங்கை என்ன ஆனது? சான்றிதழுக்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012ல். 2016ல் 'மலேரியா இல்லாத நாடு' என்ற சான்றிதழ். மருந்து மட்டும் இதைச் சாதிக்கவில்லை. காய்ச்சல் வந்தவரைத் தேடிப்போய் ரத்தம் எடுத்து, உடனே சிகிச்சை கொடுத்தார்கள். 1964ல் செய்த தப்பைத் திரும்பச் செய்யாமல், நோய் பூஜ்யமான பிறகும் கண்காணிப்பைத் தொடர்கிறார்கள்.

13/ தொடரத்தான் வேண்டும். சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே மன்னாரில் புதுக் கொசு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அனாபிலஸ் ஸ்டீபன்சை. நம்ம ஊர் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் அதே கொசு.

14/ இன்றைக்கு இருக்கும் புது மருந்துக்கும் ஒருநாள் எதிர்ப்பு வரும். அந்த நாளைத் தள்ளிப்போட மட்டும்தான் நம்மால் முடியும். ஆனால் தண்ணீர்த் தொட்டியை இறுக்கி மூடினால், அதை எதிர்க்க எந்தக் கொசுவாலும் முடியாது. படித்து முடித்ததும் மாடிக்குப் போய் ஒருமுறை பார்த்துட்டு வாங்க.