இங்கே நிறுத்திக்கொள்கிறேன்!

1993, ஜூன் 23. கேம்பிரிட்ஜில் ஐசக் நியூட்டன் இன்ஸ்டிடியூட். உட்கார இடமில்லாமல் ஓரமாக நிற்கிறது ஒரு கூட்டம். சிலர் கையில் கேமரா. பேசுகிறவர் ஆண்ட்ரூ வைல்ஸ், வயது 40. மூன்று சொற்பொழிவுகளில் இது கடைசி. முடிவில் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, ‘இங்கே நிறுத்திக்கொள்கிறேன்’ என்கிறார். அரங்கம் அதிர்கிறது!

அந்த ஒரு வரி, ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். 3-ன் வர்க்கத்தையும் 4-ன் வர்க்கத்தையும் கூட்டினால் 5-ன் வர்க்கம் வருகிறதில்லையா? வர்க்கத்துக்குப் பதில் கனம், நான்காம் அடுக்கு என்று மேலே போனால், இப்படி மூன்று முழு எண்கள் கிடைக்கவே கிடைக்காது. 1637 வாக்கில் ஃபெர்மா இதைச் சொல்லி, ‘நிரூபணம் இருக்கிறது, இந்த ஓரத்தில் எழுத இடம் போதவில்லை’ என்று குறித்துவிட்டுப் போய்விட்டார். மனுஷர் 350 வருஷம் எல்லோரையும் அலைய விட்டார்!

நான் பி.காம். ஆடிட்டர் கையெழுத்துப் போடுமுன் லாபத்தை அறிவிக்கக்கூடாது என்று படித்தவன். ஆராய்ச்சி உலகில் அது சகஜம். முதலில் மாநாட்டில் பேசிவிடுவார்கள். கேள்வி வரும், ஓட்டை தெரியும். அடைத்துக்கொண்டு ஜர்னலுக்கு அனுப்புவார்கள். வைல்ஸ் விஷயத்தில் என்ன சிக்கல் என்றால், ஏழு வருஷம் மாடி அறையில் ரகசியமாக வேலை பார்த்தவர் அவர். கேம்பிரிட்ஜுக்கு வந்தவர்கள் கைதட்டத்தான் முடிந்தது. 200 பக்கக் கணக்கை மூன்று சொற்பொழிவில் யார் சரிபார்ப்பது? மறுநாளே நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி.

சரிபார்க்க ஆறு பேரை நியமித்தது ஜர்னல். அவர்களில் ஒருவர் நிக் காட்ஸ். வைல்ஸ் முன்பே நம்பி ரகசியத்தைச் சொன்ன ஆள். பிரின்ஸ்டனில் வைல்ஸின் வகுப்பிலேயே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டவர். காதில் கேட்டபோது நழுவிய இடம், வரி வரியாகப் படித்தபோது மாட்டியது. ஆகஸ்டில் ஒரு சின்ன சந்தேகமாக ஈமெயில் போனது. செப்டம்பரில் வைல்ஸுக்கே புரிந்துவிட்டது. அது சின்ன சந்தேகம் இல்லை, ஓட்டை!

யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் பாராட்டியாகிவிட்டது. வீட்டில் மனைவி, ‘என் பிறந்தநாளுக்குச் சரியான நிரூபணம் கொடுங்கள், அது போதும்’ என்கிறார். முடியவில்லை. டிசம்பரில், ஒரு சிக்கல் இருக்கிறது என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்தார். மாதங்கள் ஓடின. விட்டுவிடலாமா என்கிற நிலை.

1994, செப்டம்பர் 19, காலை. ஏன் தோற்றோம் என்றாவது தெரிந்துகொள்வோமே என்று மேஜையில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்றது. எப்போதோ உதவாது என்று தூக்கிப் போட்ட பழைய வழி, இந்த ஓட்டையை அடைத்தது!

1995 மே மாதம் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகளாக வெளிவந்தது. ஒன்று வைல்ஸ் எழுதியது, இன்னொன்று டெய்லரோடு சேர்ந்து. அதற்கு முன்பே, 1994-ல் மனைவியின் பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டார். ஒரு வருஷம் லேட்!